கோத்தகிரி: ரைடிங் மோவர் ஸ்டார்ட் ஆகல, சாவி திருப்பினா 'டக்' மட்டும்தான்

பங்களாத்தோட்டம்:
எஸ்டேட் பங்களா லான்ல உக்காந்து ஓட்டிப் புல் வெட்டுற வண்டி. 17 எச்பி, ஒத்தை சிலிண்டர், பெட்ரோல். தென்மேற்கு மழை முழுக்க ஷெட்லயே நின்னுச்சு. இப்ப பிரேக்கை மிதிச்சு சாவி திருப்பினா ஒரே ஒரு 'டக்', இன்ஜின் சுத்தவே இல்ல. பேட்டரி 12.5 வோல்ட் காட்டுது. சீட் சுவிட்ச் போயிருக்குமா? டெம்போல ஏத்தி மேட்டுப்பாளையம் இறக்குறதுக்கு முன்னாடி இங்கயே என்ன பார்க்கலாம்?

ஸ்பேனர்12:
சுவிட்சை விடுங்க. சீட், பிரேக், பிளேடு சுவிட்ச் எதுவாவது கரண்டை மறிச்சிருந்தா அந்த 'டக்'கே வராது. சத்தம் வர்றது ஸ்டார்ட்டர் ரிலேல இருந்து, அதாவது பேட்டரி கரண்டை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு விடுற சுவிட்ச். அதுக்கு அப்புறம் தடிச்ச ஒயர் போற பாதைலதான் கோளாறு.

சும்மா நிக்கிற பேட்டரிய அளந்து பிரயோஜனம் இல்ல. ஒருத்தர் சாவிய திருப்பிப் பிடிக்கட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. 9.6 வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா ஒண்ணு பேட்டரி செத்துருக்கும், இல்ல இன்ஜின் இறுகியிருக்கும். அசையாம 12-க்கு மேலயே நின்னா ஸ்டார்ட்டருக்குக் கரண்டே போகல. அப்ப ரிலேயோட ரெண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவுல மீட்டரை வச்சு மறுபடி திருப்புங்க. கால் வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 12 வந்தா உள்ள காண்டாக்ட் கருகிடுச்சு. ரிலே சரின்னா பேட்டரி நெகட்டிவ்ல இருந்து இன்ஜின் பாடிக்கு இதே மாதிரி பாருங்க. நம்ம ஊர் மூடுபனிக்கு அந்த நெகட்டிவ் ஒயரை பாடில முடுக்கியிருக்கிற எர்த் போல்ட் பச்சை பூக்காம இருந்தாத்தான் அதிசயம். வெந்நீர்ல ஆப்ப சோடா கரைச்சு ஊத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க.

ஸ்க்ரூட்ரைவரை வச்சு ரிலேய ஷார்ட் பண்ணாதீங்க. சேஃப்டி சுவிட்ச் எல்லாத்தையும் அது தாண்டிடும். சரிவுல கியர்ல நிக்கிற வண்டி ஆள் மேலயே ஏறும்.

மலைக்காட்டான்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. வோல்ட் விழுந்து இன்ஜினும் அசையலன்னா திரும்பத் திரும்பச் சாவி போடாதீங்க. கார்புரேட்டர்ல பெட்ரோல் வரத்தை நிறுத்துற நீடில் ஒழுகி சிலிண்டர்ல பெட்ரோல் நிறைஞ்சிருக்கலாம், கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறியிருக்கா, பெட்ரோல் வாடை அடிக்குதா பாருங்க. அடிச்சா ஆயிலை மாத்தாம ஓட்டவே கூடாது.

பங்களாத்தோட்டம்:
பேட்டரி 12.4-லயே நின்னுச்சு, ரிலே போல்ட்டுக்கு நடுவுல 12.3. வேற ரிலே போட்டாச்சு. இப்ப நல்லா சுத்துது, ஆனா பத்திக்கல. ஆயில் சுத்தமா இருக்கு.

ஸ்பேனர்12:
பாதி வேலை முடிஞ்சுது. பிளக்கைக் கழட்டிப் பாருங்க, ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?

பங்களாத்தோட்டம்:
காய்ஞ்சிருக்கு சார். சோக் (காத்தைக் குறைக்கிற வால்வு) முழுசா இழுத்துத்தான் அடிச்சேன்.

மலைக்காட்டான்:
அப்ப பெட்ரோல் வரல. சாவிய ஆன்ல மட்டும் வச்சு கார்புரேட்டர் அடிப்பக்கம் காது கொடுங்க. அங்க இருக்கிற ஃப்யூயல் கட் சோலினாய்டு (பெட்ரோலைத் திறந்து மூடுற கரண்ட் வால்வு) மெல்லிசா 'டிக்'னு சொல்லணும். சொல்லலன்னா அதோட ஒயரைப் பாருங்க. மழைல ஷெட்டுக்குள்ள எலி கடிக்கிறது சகஜம்.

'டிக்' கேட்டுச்சுன்னா டேங்க் டியூபை மூடிட்டு, கார்புரேட்டர் அடியில இருக்கிற கிண்ணத்தை (பவுல்) கழட்டி அதுல இருக்கிறதைக் கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் அடியில தனியா பிரியும். பாட்டில்ல ரெண்டு அடுக்கு தெரிஞ்சா பவுலைக் கழுவினா மட்டும் போதாது, டேங்கையே காலி பண்ணுங்க. பெட்ரோல் போற சின்ன ஓட்டை இருக்கிற மெயின் ஜெட்டை கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு ஊதுங்க. கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும். ஃபில்டரையும் மாத்துங்க. பிளக் முனை இடைவெளி 0.76 மி.மீ.

பத்தினதும் சோக்கை உடனே தள்ளிடுங்க. கோத்தகிரி 6,000 அடிக்குப் பக்கம், காத்து மெலிசு. கலவை ஏற்கனவே ரிச்சாத்தான் (பெட்ரோல் கூடி) இருக்கும், சோக்ல விட்டா பிளக் கரி பிடிச்சு மறுபடி நிக்கும்.