தாமிரபரணி மழையை ஆராய்ச்சிக்கு எடுக்கணும், எங்கே தொடங்க?

பொருநை மாணவன்:
பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. காலநிலை ஆராய்ச்சிக்குப் போக ஆசை. 'காலநிலை மாற்றமும் தாமிரபரணி மழையும்' என்று ப்ராஜெக்ட் எடுக்கலாமா? அடுத்து எங்கே முயற்சி பண்ண? பைத்தான் ஓரளவு தெரியும்.

கன்னடியன் கால்:
இயற்பியல் போதும் தம்பி. பிஎச்.டி.க்கு நெட், கேட் நுழைவுத் தேர்வுகளை எழுதுங்க. புனே ஐஐடிஎம் (இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம்), பெங்களூரு ஐஐஎஸ்சி, டெல்லி ஐஐடி மூணையும் பாருங்க. பாய்ம இயக்கவியலை மட்டும் விட்டுடாதீங்க.

தலைப்பு ரொம்ப அகலம். 'வடகிழக்குப் பருவத்தில் ஒருநாள் உச்ச மழை கூடுதா?' இது போதும், இதுவே ஒரு செமஸ்டரைத் தின்னும். வானிலைத் துறையின் 0.25 பாகை தினசரிக் கட்டத் தரவு (நாட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தர்ற மழை அளவு) 1901-லிருந்து இலவசமா கிடைக்கு. ஒரு நாளுக்கு 135 × 129 எண்கள். தரவு இல்லாத இடத்தில் -999 இருக்கும். அதை நீக்காம சராசரி போட்டா மழை மைனஸில் வரும்.

தேரிக்காடு:
நேரத்தையும் கவனிக்கணும். துறை 18-ம் தேதிக்குப் போடுற மழை, 17 காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை பெய்தது. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவையும் எடுத்தா, அதில் இருப்பது உலக நேரம் (யுடிசி), நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அங்கே 17-ம் தேதி 04 மணி முதல் 18-ம் தேதி 03 மணி வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்டி, மீட்டரில் இருப்பதை மி.மீ. ஆக்க 1000-ஆல் பெருக்கணும். நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டினா ஒரே மழை ரெண்டு நாளா உடைஞ்சு, உச்சம் காணாமப் போயிடும்.

பெரிய சிக்கல் மலைதான். ஒரு கட்டம் சுமார் 27 கி.மீ. தென்மேற்குப் பருவத்தில் மலைமேல் நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் கொட்டும்போது பாளையங்கோட்டையில் காத்து மட்டும் அடிக்கும். கட்டச் சராசரி இந்த வித்தியாசத்தை மழுக்கிடும். கட்டத்துக்குப் பின்னால் உள்ள மழைமானிகளின் எண்ணிக்கையும் காலத்துக்குக் காலம் மாறுது, அதனாலேயே பொய்யா ஒரு ஏற்றம் தெரியலாம். அம்பாசமுத்திரம் மாதிரி நீண்ட பதிவுள்ள நிலையத் தரவைப் புனே வானிலைத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிச்சு வாங்கி ஒப்பிடுங்க.

பொருநை மாணவன்:
நன்றி அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சேர்க்கலாமா?

கன்னடியன் கால்:
சேர்க்கணும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.! ஆனா அப்படி ஒரு புள்ளி கடைசியில் வந்தா நேர்கோட்டுப் பொருத்தம் அந்தப் பக்கமே சாயும். அப்படி ஒரு புள்ளிக்கு எளிதில் சாயாத மான்-கெண்டல் சோதனையும் (ஏற்றம் உண்மையான்னு பார்க்க) சென் சாய்வும் (ஏற்றம் எவ்வளவுன்னு பார்க்க) போடுங்க. 2023-ஐ வச்சு ஒரு தடவை, எடுத்துட்டு ஒரு தடவை. அந்த வருஷம் எல் நினோவும் (பசிபிக் கடல் சூடேறுறது) இந்தியப் பெருங்கடல் இருமுனையின் நேர்மறை நிலையும் (அந்தக் கடலின் மேற்குப் பக்கம் கிழக்கைவிடச் சூடேறுறது) சேர்ந்தே இருந்தது, ரெண்டுமே பொதுவா வடகிழக்குப் பருவத்துக்குச் சாதகம். இப்படிப்பட்ட வருஷங்களைத் தனியாப் பிரிக்காம 'புவி வெப்பமாதல்தான் காரணம்'னு எழுதினா முதல் கேள்வியே அங்கேதான் விழும்.