விருந்தோம்பல் துறையில் வருவாய் மேலாண்மை முதுகலை: தனிப் படிப்பா, பொதுவான பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்பா?

கேள்வி

வணக்கம். வணிகவியலில் இளங்கலை முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக ஒரு ஹோட்டலின் ரிசர்வேஷன் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். அடுத்த ஆண்டு முதுகலையில் சேர விரும்புகிறேன். விருந்தோம்பல் துறைக்கென்றே அமைந்த வருவாய் மேலாண்மை மற்றும் பகுப்பாய்வுப் படிப்பில் சேர்வதா, எந்தத் துறைக்கும் பொருந்தும் பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்பில் சேர்வதா என்று முடிவு செய்ய இயலவில்லை.

இந்த எண்ணம் எழுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். மூன்று மாதங்களுக்கு முன்னதாகவே ஒரு குழுவினர் நாற்பது அறைகளைக் குறைந்த வாடகைக்குக் கேட்டார்கள். எங்கள் மேலாளர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த நாள் நெருங்கிய கடைசி வாரத்தில், முழு வாடகை கொடுக்கத் தயாராக இருந்தவர்களிடம் 'அறை இல்லை' என்று நான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேன் என்பதை யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. மாத இறுதி அறிக்கையிலோ அது நூறு விழுக்காடு நிரம்பிய சிறந்த இரவாக இடம்பெற்றது. அந்த முடிவு சரியா, தவறா என்று கணக்கிட்டுச் சொல்லும் வழி என்னிடம் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளவே படிக்க நினைக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. பள்ளிப் படிப்புக்குப் பிறகு கணிதத்தை ஆழமாகக் கற்றதில்லை, தாக்குப்பிடிக்க முடியுமா? வாடகையை மென்பொருளே நிர்ணயிக்கும் இக்காலத்தில் இந்தப் பட்டத்துக்கு என்ன பயன்?

முதல் மறுமொழி

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக வருவாய் மேலாளராக, அதாவது எந்த அறையை எப்போது என்ன வாடகைக்கு விற்பது என்று முடிவு செய்பவராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் விவரித்த அந்த இரவுதான் இந்தத் துறையின் முதல் பாடம். ஆகவே, எந்தப் படிப்பு என்பதற்கு முன் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன்.

1972இல் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் ஒரு விதியை முன்வைத்தார். குறைந்த கட்டணத்துக்கு இப்போதே விற்றால் கிடைக்கும் தொகை, அதே இருக்கையை உயர்ந்த கட்டணத்துக்காக நிறுத்தி வைத்தால் எதிர்பார்க்கக்கூடிய தொகையைவிடக் குறையாதவரை விற்கலாம் என்பதே அதன் சாரம். ஹோட்டல் அறைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். குறைந்த வாடகை 130, முழு வாடகை 200 என்று வைத்துக்கொள்வோம். கடந்த பத்து செவ்வாய்க்கிழமைகளில் கடைசி வாரத்தில் முழு வாடகைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 8, 11, 12, 13, 14, 15, 16, 17, 19, 22 என்று வருகிறது. பதின்மூன்று பேராவது வந்த நாட்கள் பத்தில் ஏழு. எனவே நிறுத்தி வைக்கும் பதின்மூன்றாவது அறையின் எதிர்பார்ப்பு மதிப்பு 200இல் 0.7 பங்கு, அதாவது 140. அது 130ஐவிட அதிகம் என்பதால் அந்த அறையை நிறுத்தி வைக்க வேண்டும். பதினான்காவது அறைக்கு அதே கணக்கு 120 என்று வருகிறது. அதைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்துவிடலாம். ஆக, நிறுத்தி வைக்க வேண்டியவை பதின்மூன்று அறைகள். பல கட்டண நிலைகளுக்கு இதை விரித்துத் தந்தது 1987இல் எம்.ஐ.டி.யில் பீட்டர் பெலோபாபா செய்த முனைவர் பட்ட ஆய்வு.

இந்தக் கணக்கில் பெருக்கலுக்கு மேல் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. 22 பேர் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டாவது ஆளோடு ஹோட்டல் நிரம்பிவிட்டிருந்தால், உண்மையான தேவை 22 அல்ல, 30ஆகக்கூட இருந்திருக்கலாம். நீங்கள் தொலைபேசியில் திருப்பி அனுப்பியவர்கள் பதிவேட்டில் இல்லாததால், நிரம்பிய ஒவ்வொரு இரவும் தேவையைக் குறைத்தே காட்டுகிறது. அந்தக் குறைந்த எண்ணை வைத்து அடுத்த ஆண்டுக்கு மதிப்பிட்டால், மீண்டும் குறைவான அறைகளையே நிறுத்தி வைப்போம். மீண்டும் மலிவாக விற்போம். பிழை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். தடைபட்ட தேவையை மீட்டு மதிப்பிடுவதற்கென்று தனி முறைகள் உள்ளன. நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பெயரில் வருவாய் மேலாண்மை இருந்தாலும் அதில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

மென்பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். ஹோட்டல்களுக்கு வாடகையைப் பரிந்துரைக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் ஐடியாஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது 1989இல். இந்தக் கருவிகள் நேற்று வந்தவை அல்ல. கருவி பரிந்துரைக்கும், கொடுத்த தரவு பிழையானால் பரிந்துரையும் பிழையாகும். நாற்பது அறைகளைக் கேட்கும் குழு மாலைக்குள் பதில் வேண்டும் என்று காத்திருக்கும்போது, பொது மேலாளருக்கும் விற்பனைப் பிரிவுக்கும் காரணத்தை விளக்கி ஒப்புக்கொள்ள வைப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் மறுமொழி

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவன். புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு ஹோட்டல் குழுமத்தின் பகுப்பாய்வுப் பிரிவில் சேர்ந்தேன். முந்தைய மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தனிப் படிப்புதான் ஒரே வழி என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். எஸ்.கியூ.எல்., பைத்தான் ஆகிய கணினி மொழிகள், முன்கணிப்பு, சோதனை வடிவமைப்பு ஆகியவற்றை ஒரு நல்ல பொதுப் படிப்பு இன்னும் ஆழமாகவே கற்பிக்கும். ஹோட்டல் துறையை விட்டு வேறு துறைக்கு மாறும் வாய்ப்பும் திறந்தே இருக்கும். 2020இல் பெருந்தொற்றால் ஹோட்டல்கள் மூடிக் கிடந்தபோது அந்த வாய்ப்பின் அருமையை நேரில் உணர்ந்தேன். சென்ற ஆண்டின் இதே நாளை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடுகள் எல்லாம் அப்போது ஒரே வீச்சில் பயனற்றுப் போயின.

இருந்தாலும் நான் பட்ட சிரமத்தையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், ஒவ்வோர் இரவையும் தனிப் பொருளாகக் கருதியே என் மாதிரிகளை அமைத்தேன். புதன்கிழமை மட்டும் நிரம்பக்கூடிய ஒரு வாரத்தில், அந்த ஓர் இரவுக்கு 200 கொடுப்பவரைவிட, மற்ற இரண்டு இரவுகள் காலியாகவே கிடக்கும் என்றால், செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று இரவுகளுக்கு 130 வீதம் 390 கொடுப்பவர் மேலானவர் என்பதை ரிசர்வேஷன் பிரிவில் இருந்த ஒருவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

இன்னொன்று, ரெவ்பார் என்னும் அளவுகோல், அதாவது மொத்த அறை வருவாயை, விற்றவை விற்காதவை உட்பட எல்லா அறைகளுக்கும் வகுத்தால் வரும் தொகை. நூறு அறைகளில் 70 அறைகள் 200க்கு விற்றால் ரெவ்பார் 140. 95 அறைகள் 150க்கு விற்றால் 142.50. இரண்டாவதே சிறந்தது என்று அறிக்கை எழுதினேன். நிரம்பிய ஓர் அறையைச் சுத்தம் செய்யவும் பராமரிக்கவும் 30 செலவாகும் என்று வைத்துப் பார்த்தால், முதலாவதில் மிஞ்சுவது 11,900. இரண்டாவதில் 11,400 மட்டுமே. முன்பதிவுத் தளங்களின் கமிஷனையும் கழித்தால் இடைவெளி இன்னும் கூடலாம். இவற்றையெல்லாம் நீங்கள் நான்கு ஆண்டுகளில் ஓரளவு பார்த்தே இருப்பீர்கள். துறை அறிவு கையில் இருப்பவர் பொதுப் படிப்புக்குப் போவதும் ஒரு நல்ல தேர்வே.

மூன்றாம் மறுமொழி

விருந்தோம்பல் பகுப்பாய்வில் முதுகலை முடித்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கணிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். நிகழ்தகவு, ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று மதிப்பிடும் முறை), காலத்தொடர்த் தரவு ஆகிய மூன்றின் அடிப்படைகளைச் சேர்வதற்கு முன் ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் போதும். எக்செல்லில் கை தேர்ந்தவர்கள்கூட முதல் பருவத்தில் தடுமாறியது நிகழ்தகவில்தான்.

கார்னெல், லோசானில் உள்ள இ.எச்.எல். போன்ற புகழ்பெற்ற ஹோட்டல் பள்ளிகளின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான முன்பதிவுத் தரவைக் கொண்டு மாணவர்கள் ஆய்வு செய்கிறார்களா, முடித்தவர்கள் எந்தப் பொறுப்புகளில் சேர்ந்தார்கள் என்று முன்னாள் மாணவர்களிடமே கேளுங்கள். வருவாய் மேலாண்மை ஆய்வாளரான ஷெரில் கைம்ஸ் கார்னெலில் இருந்தபோது, ஒரே அறைக்கு வெவ்வேறு வாடகை வாங்குவதை வாடிக்கையாளர்கள் எவ்வளவு நியாயமாகக் கருதுகிறார்கள் என்றும் ஆராய்ந்தார். பொதுப் படிப்புகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. எனக்கோ அதுவே மிகவும் பயன்பட்ட பாடம்.

வேலையை உடனே விட இயலாவிட்டால், ஹோட்டல் துறைப் பகுப்பாய்வுக்கான சி.எச்.ஐ.ஏ. சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். ஹோட்டல் தரவுகளைப் படிக்கும் அடிப்படையை அது தரும். இந்த வேலை மனத்துக்கு ஒத்துவருமா என்பதையும் குறைந்த செலவில் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தனிப் படிப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது. சேரும் வரை ஓராண்டு இருக்கிறது. அதுவரை, நான் மறுத்த அழைப்புகளைக் குறித்து வைக்கத் தொடங்கலாமா? எதையெல்லாம் குறிக்க வேண்டும்?

முதல் மறுமொழி அளித்தவர்

இன்றே தொடங்குங்கள். அறை இல்லை என்று நாம் மறுத்தது டினையல். வாடகையைக் கேட்டுவிட்டு அவரே விலகியது ரிக்ரெட். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிடாதீர்கள். முன்னது நம்மிடம் இடம் போதவில்லை என்பதைக் காட்டும், பின்னது வாடகை அவருக்கு ஏற்புடையதாக இல்லை என்பதைக் காட்டும். அழைத்த நாள், தங்க விரும்பிய நாள், எத்தனை இரவுகள், எத்தனை அறைகள், சொன்ன வாடகை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். அதே நபர் மறுநாளும் அழைத்தால் இரண்டாகக் கணக்கிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவுத் தளங்களில் தேடிவிட்டுப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பதையும் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு குழு நாற்பது அறைகளைக் கேட்கும்போது அந்தத் தாளை மேலாளரின் மேசையில் வைக்கலாம்.