குளத்தங்கரை டைமர்: புதுசு வாங்க வேண்டாம்

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

குளத்தங்கரைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் டைமர் போய்விட்டது, புதுசு வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்று பேச்சு ஓடுகிறது. அவசரப்பட வேண்டாம். நேற்று மாமா வீடியோ காலில் பெட்டியைத் திறந்து காட்டினார். பழுது ரொம்பச் சின்னது.

முதலில் வால்வைப் பார்த்தோம். சோலனாய்டு காயிலை (கரன்ட் வந்தால் வால்வைத் திறக்கும் காந்தச் சுருள்) கையால் கால் சுற்று திருகியதுமே சொட்டுக் குழாய்களில் தண்ணீர் ஓடியது. ஆக, அடைப்பு எங்கும் இல்லை. மல்டிமீட்டரில் காயில் 30 ஓம் சொச்சம் காட்டியது; 24 வோல்ட் ஏசி காயிலுக்கு 20 முதல் 60 வரை சரிதான்.

அடுத்து டைமர். திரையில் மணி ஓடுகிறது, 'ஆன்' என்றும் வருகிறது. ஆனால் வால்வுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே விழும் 'டக்' சத்தம் மட்டும் இல்லை. இப்படி இருந்தால் பெரும்பாலும் கண்டென்சர்தான். மலிவான இந்தப் பெட்டிகளுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 0.47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றுதான் 230 வோல்ட் லைனில் நின்று உள்ளே போகிற கரன்ட்டை அளந்து விடுகிறது. நல்லதாக இருந்தால் சுமார் 34 மில்லி ஆம்பியர் விடும். லைனில் வோல்டேஜ் எகிறும்போதெல்லாம் உள்ளிருக்கும் உலோகப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப்போகும். மாமா கழற்றி அளந்தபோது 0.15 தான் இருந்தது. அதில் 11 மில்லி ஆம்பியர் வந்தாலே அதிகம். திரைக்கு அது போதும். ரிலேவை இழுக்க 15 வேண்டும்.

ஆக, கண்டென்சரை மட்டும் மாற்றினால் போதும். வாங்கும்போது அதே 0.47, மேலே 'எக்ஸ்2' (மெயின் லைனில் நேரடியாக வைப்பதற்கான வகை), 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் '400 வோல்ட் டிசி' எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு டீ விலைதான் ஆகும்.

பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தக் கண்டென்சர் ஷாக் அடிக்கலாம். போர்டு முழுக்க மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கரன்ட் கொடுத்துப் பார்க்கிற வேலையே கூடாது. சால்டரிங் வைக்க நம் ஊர் ஃபேன் மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.

வேம்பும் புங்கையும் நாலு நாள் தாங்கும். ஐப்பசியில் வைத்த மருதங்கன்றுகள் இந்தச் சித்திரை வெயிலுக்குத் தாங்காது. ஊரில் இருக்கிறவர்கள் டைமர் சரியாகும்வரை முறை வைத்து, சாயங்காலம் காயிலைத் திருகி அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். நாளைக்கு யார் போகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.

கிழக்குத் தெருக்காரன்,
மஸ்கட்