4-ம் யூனிட்டில் மட்டும் இரும்பு 420 பிபிஎம்: பிஸ்டனைத் தூக்கணுமா?

கேள்வி:
கப்பலின் கிராஸ்ஹெட் வகை (பிஸ்டன் தண்டு தனி இணைப்பு வழியே கிராங்கை இயக்கும்) டூ-ஸ்ட்ரோக் மெயின் எஞ்சின், 6 சிலிண்டர் (யூனிட்), போர் (உள்விட்டம்) 600 மி.மீ. எரிபொருளில் கந்தகம் 0.5%-க்குள். சிலிண்டர் ஆயில் பி.என். (அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை எண்) 100, ஃபீட் ரேட் (ஆயில் செலுத்தும் அளவு) கிலோவாட் மணிக்கு 1.0 கிராம். ஸ்கேவன்ஜ் வடிகால் (ஒவ்வொரு சிலிண்டரின் அடியிலும் வடியும் பயன்படுத்திய ஆயில்) மாதிரியில் ஐந்து யூனிட்டுக்கு இரும்பு 60–90 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). 4-க்கு மட்டும் 420. மிச்ச பி.என். அதிலும் 68 இருக்கிறது. அங்கே மாதிரி பாட்டில் நிரம்பவே நேரமாகிறது. லைனர் (சிலிண்டரின் உட்சுவர் குழாய்) வெப்பநிலை அவ்வப்போது எகிறி இறங்குகிறது. கேட் ஃபைன்ஸா (சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எரிபொருளில் வரும் கடினமான வினையூக்கித் துகள்)?

பதில் 1:
கேட் ஃபைன்ஸ் வந்தால் ஆறு யூனிட்டும் தேயும். அமில அரிப்பும் இல்லை, பி.என். 68 மிஞ்சியிருக்கிறதே. காந்த இரும்பைத் தனியாக அளந்து பாருங்கள். அரிப்பில் வரும் இரும்பு பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, உராய்வில் வருவது ஒட்டும். பாட்டில் மெதுவாக நிரம்புவதுதான் முக்கியமான தடயம்: அந்த லைனருக்கு ஆயில் சரியாகப் போகவில்லை. எஞ்சினை நிறுத்தும்வரை அந்த யூனிட்டின் ஃபீட் ரேட்டைக் கூட்டி, ஃபியூயல் இண்டெக்ஸை (எரிபொருள் செலுத்தும் அளவை) குறையுங்கள்.

பதில் 2:
பிஸ்டனைத் தூக்கும் முன் போர்ட் (லைனரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் திறப்பு) வழியே பாருங்கள். ஸ்டார்ட்டிங் ஏர் (எஞ்சினைக் கிளப்பும் அழுத்தக் காற்று) அடைத்து, இண்டிகேட்டர் காக் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு) திறந்து, டர்னிங் கியர் (எஞ்சினை மெதுவாகச் சுழற்றும் மோட்டார்) போட்டாக வேண்டும். ஜாக்கெட் தண்ணீரும் கூலிங் ஆயிலும் ஓடட்டும், கசிவு இருந்தால் அப்போதுதான் தெரியும். பிஸ்டன் கீழே இருக்கும்போது லைனரையும் கிரவுனையும் (பிஸ்டனின் தலைப்பகுதி) பாருங்கள். மேலே ஏற்றும்போது ரிங்குகள் ஒவ்வொன்றாகப் போர்ட்டைக் கடக்கும். மரக்குச்சியால் அழுத்தினால் நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பி வரும். பிறகு பிஸ்டனைக் கீழே நிறுத்தி லூப்ரிகேட்டரை (சிலிண்டர் ஆயில் பம்ப்) கையால் இயக்கி, லைனரின் ஒவ்வொரு ஆயில் துளையிலும் ஆயில் வருகிறதா என்று எண்ணுங்கள்.

கேட்டவர்:
பார்த்தாச்சு. இரண்டு துளையில் சொட்டுகூட இல்லை. அந்தப் பக்கம் லைனரில் நெடுக்குக் கீறல். 2-ம் ரிங் அசையவில்லை. கிரவுன் பக்கவாட்டில் வெள்ளையாக, கெட்டியாகப் படிவு.

பதில் 1:
அப்படியானால் தூக்கித்தான் ஆகணும். சிக்கிய ரிங்கை அதிக ஆயிலால் விடுவிக்க முடியும் என்று நம்ப வேண்டாம். அந்த இரண்டு ஆயில் துளையின் நான்-ரிட்டர்ன் வால்வையும் (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடுவது) மாற்றுங்கள். க்ரூவை (ரிங் உட்காரும் பள்ளம்) சுரண்டி இடைவெளியை அளந்து பாருங்கள், ரிங்குகளை முழு செட்டாகப் போடுங்கள். லைனரில் கீறலோடு மினுமினுப்பான கெட்டித் திட்டு இருந்தால் அதைத் தேய்த்து எடுக்காமல் புது ரிங் போடாதீர்கள். புது ரிங்கும் சீக்கிரமே கீறிவிடும். பிறகு பிரேக்-இன் (புது ரிங்கைப் பழக்கும் ஓட்டம்): ஃபீட் ரேட் கூடுதலாக, லோடு படிப்படியாக.

வெள்ளைப் படிவு கால்சியம். இந்தக் கந்தகத்துக்குப் பி.என். 100 அதிகம், 40 போதும். ஆனால் சில எஞ்சின்களில் சுத்தத்துக்காக 100-ஐ இடையிடையே ஓட்டச் சொல்வார்கள், மேனுவலைப் பார்த்து முடிவெடுங்கள்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன்: மாதிரியில் துத்தநாகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது சிஸ்டம் ஆயிலில்தான் (கிராங்க்கேஸில் பேரிங்குகளுக்குச் சுற்றும் ஆயில்) இருக்கும். அளவு ஏறினால் ஸ்டஃபிங் பாக்ஸ் (பிஸ்டன் தண்டைச் சுற்றி அந்த ஆயிலைத் தடுக்கும் சீல்) கசிகிறது. அந்த ஆயில் கலந்து இரும்பையும் பி.என்-ஐயும் குறைத்துக் காட்டும். பிஸ்டன் வெளியே வரும்போதே ஸ்டஃபிங் பாக்ஸின் ரிங்குகளையும் பார்த்துவிடலாம்.