ஹூட்டர் யாருக்கு அடிக்குது? 'விளியொலி'ன்னு வச்சா என்ன?

மின் நிலைய கன்ட்ரோல் ரூம் சொற்களுக்குத் தமிழ் தேடறப்ப 'அலாரம்'னா 'எச்சரிக்கை மணி'ன்னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடலாம்ங்கிறாங்க சிலர், எனக்கு அது சரியாப் படல. மணிக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கு. நம்மூர் சப்ஸ்டேஷன் பேனல்கள்ல பொதுவா பிரேக்கர் ட்ரிப் ஆனா (தானா கரண்டைத் துண்டிச்சா) ஹூட்டர், அதாவது சைரன் மாதிரி ஊதறது, கத்தும், ட்ரான்ஸ்ஃபார்மர் ஆயில் சூடேறுது மாதிரி ட்ரிப் வரைக்கும் போகாத சமாச்சாரத்துக்கு பெல் அடிக்கும், ரெண்டையும் மணின்னு சொன்னா எதுக்கு எழுந்து ஓடணும் எதுக்கு டீயைக் குடிச்சு முடிக்கலாம்னே தெரியாமப் போயிடும். எந்தக் கோளாறுன்னு எழுதின விண்டோவை (சின்ன விளக்குக் கட்டம்) மின்ன வச்சு சத்தம் கொடுக்கற அனன்சியேட்டருக்கு வர்ற டிசி சப்ளையே போயிடுச்சுன்னா அதைச் சொல்ல ஏசி சப்ளைல இன்னொரு பெல் தனியா வச்சிருப்பாங்க, செத்தவன் எழுந்து வந்து நான் செத்துட்டேன்னு சொல்ல மாட்டான் இல்லையா. ஆக பெல்லுக்கு மணி, ஹூட்டருக்கு சங்கு, இதுல சண்டையே இல்ல. மில் சங்கு கேட்டு ஷிப்டுக்குக் கிளம்பின கோயம்புத்தூர்க்காரங்களுக்கும் மதுரைக்காரங்களுக்கும் சங்குக்கு விளக்கமே வேண்டாம்.

எனக்கு வேணும்ங்கிறது வேற ஒரு சொல். ஒரே ரூம்ல ரெண்டு மூணு டெஸ்க் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஆபரேட்டர், எந்த டெஸ்க்கோட அலாரம்னு திரும்பிப் பாக்காமலே காதுலயே தெரியற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஒலி வைப்பாங்க பாருங்க, அந்த ஒலிக்கு என்ன பேர்?

அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் ரெண்டுக்கும் சேத்து ஒரே கன்ட்ரோல் ரூம் இருக்கறது சகஜம். ரெண்டு பேனலும் ஒரே கம்பெனி, ஒரே ஹூட்டர், ஒரே சத்தம். அடிச்சதும் ரெண்டு பக்கமும் தலை நிமிரும். "அண்ணே, உங்களுதா?" "எங்களுது இல்லப்பா, நீ பாரு." கல்யாண மண்டபத்துல ஒரு நோக்கியா ரிங்டோன் அடிச்சா பத்து பேர் பாக்கெட்டைத் தடவின காலம் இருந்துச்சே, அதே கதைதான், ஆனா இங்க அந்த நேரத்துல டிரம் லெவல் (பாய்லர் டிரம்ல தண்ணி மட்டம்) இறங்கிட்டு இருக்கும். இதுக்கு நடுவுல போன் பேசிட்டு நிக்கற மூணாவது ஆள் சத்தம் தாங்காம சைலன்ஸ் பட்டனை அமுக்கிடுவார், ரெண்டு பேரும் மத்தவன் பாத்துட்டான்னு நினைச்சுக்குவாங்க. சத்தம் எரிச்சலா இருந்தா அடுத்து என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஹூட்டர் வாயில காட்டன் வேஸ்ட் அடைச்சு டேப் ஒட்டின பேனல் ஒண்ணு (எந்த ஊர்னு கேக்காதீங்க) நானே பாத்திருக்கேன்.

அதனாலதான் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தோட நூரெக் 0700 வழிகாட்டி, ஒலியே ஆளை அந்தந்த டெஸ்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்குது. சத்தமும் ரூம்ல இருக்கற இரைச்சலை விட ஒரு 10 டெசிபல் கூட இருந்தா பொதுவா போதும், காதைக் கிழிக்கணும்னு அவசியமில்ல. இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஒலி யாருக்குன்னும் சொல்லணும், எவ்வளவு அவசரம்னும் சொல்லணும். நாலு டெஸ்க், மூணு அவசர நிலை, மொத்தம் பன்னெண்டு ஒலின்னு ஆரம்பிச்சா நைட் ஷிப்ட் மூணு மணிக்கு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. டெஸ்க்குக்கு ஒரு சுருதி, அவசரத்துக்கு ஏத்த மாதிரி அடிக்கற வேகம் மட்டும் மாறணும், அதுதான் காதுக்கு ஒத்து வரும்ங்கிறது என் கட்சி.

இப்ப சொல்லுக்கு வர்றேன். 'தனித்துவ எச்சரிக்கை ஒலி'ன்னா பேசி முடிக்கறதுக்குள்ள பாய்லர் ட்ரிப் ஆயிடும். 'அபாய ஒலி'யும் வேண்டாம், அலார மேலாண்மைக்கான சர்வதேச தரநிலை ஐஇசி 62682 அலாரத்துக்குச் சொல்ற விளக்கத்துல அபாயம்ங்கிறது மையமே இல்ல, ஆபரேட்டர் உரிய நேரத்துல ஏதாவது செஞ்சாகணும்ங்கிறதுதான் மையம், செய்ய ஒண்ணும் இல்லைன்னா அது அலாரமே இல்ல வெறும் தகவல். அதாவது அலாரம் ஒருத்தரைக் கூப்பிடுது. கூப்பிடறதுக்கு நம்மகிட்ட எட்டாம் வேற்றுமையே இருக்கு, விளி. நாகர்கோவில் பக்கம் இன்னைக்கும் 'அவன விளி'ன்னா கூப்பிடுன்னுதான் அர்த்தம். அதனால 'விளியொலி'. முதல் யூனிட் விளியொலி, ரெண்டாம் யூனிட் விளியொலி, எலெக்ட்ரிகல் டெஸ்க் விளியொலி. 'அழைப்பொலி'யும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அழைப்புன்னதும் இப்ப எல்லாருக்கும் போன்தான் ஞாபகம் வருது, அழைப்பு மணின்னா வீட்டு வாசல். தென்மாவட்டத்துல 'விழி'யும் 'விளி'யும் ஒரே மாதிரி கேக்குமேன்னா கேக்கும்தான், விழியில இருந்து ஒலி வராதுங்கிறதால தப்பிச்சோம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அலாரம் வெள்ளமா வந்தா விளியொலியும் கைகொடுக்காது. 1994 ஜூலை 24 அன்னிக்கு வேல்ஸ்ல மில்ஃபர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலைல வெடிப்புக்கு முந்தின கடைசி 11 நிமிஷத்துல ரெண்டு ஆபரேட்டருக்கு 275 அலாரம் வந்துச்சு, அங்க எந்த ஒலி யாரைக் கூப்பிட்டு என்ன. அலார அமைப்புகளுக்கான ஈமுவா 191ங்கிற தொழில்துறைக் கையேடு கணக்குல ஒரு ஆளுக்கு 10 நிமிஷத்துல 10-ஐத் தாண்டினாலே வெள்ளம். இதுக்கு 'அலார வெள்ளம்' போதும், 'எச்சரிக்கைப் பெருக்கு'ன்னு மெனக்கெட வேண்டாம், பெருக்குன்னா ஆடி மாசம்தான் ஞாபகம் வரும்.

சைலன்ஸும் அக்னாலட்ஜும் ஒண்ணுன்னு போட்டுடாதீங்க. முதல் பட்டன் சத்தத்தை மட்டும் நிறுத்தும், விண்டோ மின்னிக்கிட்டேதான் இருக்கும். ரெண்டாவதை அமுக்கினாத்தான் மின்னறது நின்னு லைட் நிலையா எரியும். முதலுக்கு 'ஒலியடக்கு', எந்த டெஸ்க்ல இருந்தும் செய்யலாம். ரெண்டாவதுக்கு 'ஒப்புகை', அதை அந்த டெஸ்க்காரர் மட்டும்தான் செய்யணும். 'ஏற்பு' தப்பு, அவர் எதையும் ஏத்துக்கல, பாத்துட்டேன்னு சொல்றார், பதிவுத் தபால் இருந்த காலத்துல ஒப்புகை அட்டை வருமே அந்த அர்த்தம்தான்.

மிச்சம் இருக்கறது ரிங்பேக். கோளாறு சரியானதும் விண்டோ மெதுவா மின்ன ஆரம்பிச்சு வேற ஒரு ஒலி வரும், ரீசெட் பண்ணினா அணையும். 'தணிவொலி'ன்னு எழுதி வச்சிருக்கேன், ஆனா சத்தம் குறையற மாதிரி அர்த்தம் தொனிக்குது, 'மீட்பொலி'ன்னா யாரையோ கிணத்துல இருந்து தூக்கற மாதிரி இருக்கு. பேனல்ல உக்காந்து வேலை பாக்கறவங்க யாராவது ரூம்ல வாயில என்ன வருதோ அதையே எழுதுங்க, அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.