பிள்ளைக்கு முன்னால் டீச்சரும் பெற்றவர்களும்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

முக்கூடல் மகள்

போன வாரம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ரேங்க் கார்டு, கையெழுத்து, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்", எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்ட கேள்வி மட்டும் இன்னும் காதிலேயே நிற்கிறது.

பீடி சுற்றுகிறவர். எங்கள் பக்கத்தில் விரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுளகை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அன்றைக்கு ஆயிரம் முடிக்காவிட்டால் கூலியில் குறையும், அதையும் மீறித்தான் வந்திருக்கிறார். பையன் ஏழாம் வகுப்பு, பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். டீச்சர் ஒவ்வொரு பாடமாக மார்க் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா நடுவில், "மார்க்கு இருக்கட்டும் டீச்சர். இவன் மத்த புள்ளேளோட எப்பிடி இருக்கான்? யாரயும் எளக்காரமாப் பேசுதானா?" என்றார்.

அவ்வளவு நீள வரிசையில் வேறு யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கணக்குல தப்பு வந்தா அடுத்தவன் நோட்டப் பாக்க மாட்டாம்மா, நேரா என்கிட்ட வந்து நிப்பான். கால்ல கட்டுப் போட்டுட்டு ஒரு பையன் வந்தான்ல, அவன் பைய தெனம் மாடிக்குத் தூக்கிட்டுப் போனது இவந்தான். யாரும் சொல்லல" என்றார். பையனுக்கு முகமே மாறிவிட்டது. தான் செய்ததை டீச்சர் கவனித்திருக்கிறார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. அப்புறம் அவனே மை டப்பாவைத் திறந்து, அம்மாவின் பெருவிரலைப் பிடித்து ரேகை வைத்தான். பின்னால் கூட்டாளிகள் நிற்கிறார்கள், கொஞ்சமும் கூசவில்லை.

வீடும் பள்ளியும் சேர்ந்து ஒரு பிள்ளையைச் செதுக்குகிற நிமிடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. உங்கள் கண் முன்னால் நடந்ததையும் எழுதுங்கள்.

பாளை, ஓய்வு பெற்ற வாத்தியார்

நல்ல காரியம் எழுதினீர்கள் அம்மா. எனக்கும் ஒன்று உண்டு.

எண்பதுகளில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஊரில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு பையன் இன்னொருவனின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டான். அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். வயலில் இருந்து மம்பட்டியோடே வந்தார், கால் முழுக்கச் சேறு. அந்தக் காலத்தில் அப்பாக்கள் வந்தால், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. பாக்ஸைப் பறிகொடுத்த பையனைக் கூப்பிடச் சொன்னார். அவன் முன்னால் குனிந்து, "எய்யா, எம்மவன் செஞ்சது தப்பு, நான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கேன்" என்றார். ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம். திருடிய பையன் ஓவென்று அழுதுவிட்டான். அதற்குப் பிறகு அவன் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

அன்றைக்கு ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படி ஒரு பிணைப்பு இருந்தது. 1956-ல் எட்டயபுரத்தில் (அப்போது அது நம் திருநெல்வேலி மாவட்டம்தான்) காமராஜர் மதிய உணவைத் தொடங்கினாரே, அதற்கு ஊர் ஊராக மக்கள் தானியமும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தியபோது ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, மணி, கட்டடம் என்று கொடுத்தார்கள். தன் கையால் கொடுத்த பெஞ்சில் தன் பேரன் உட்கார்கிறான் என்றால் அந்த ஆளுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு பொறுப்பு இருக்கும். இப்போது பெற்றவர்கள் வாத்தியாரிடம் சண்டைக்குத்தான் வருகிறார்கள். பிரம்பைக் கீழே போட்டுவிட்டோம், பயமும் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. என் வருத்தம் அதுதான்.

திசையன்விளைக்காரன்

சார், உங்களை மதித்தே சொல்கிறேன். அந்தப் பையன் திருந்தியது பிரம்பாலா? அப்பா குனிந்ததால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படிப் பிரம்புக்கு வந்தீர்கள்?

நான் பிரம்பைப் பார்த்து வளர்ந்தவன். என் கூட்டாளி ஒருவன் எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விட்டான் என்று வாத்தியார் அடித்தார். அந்த நேரம் பார்த்து அவன் அப்பா ஏதோ சர்டிபிகேட் வாங்க வந்திருந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு போடுங்க சார்" என்று சிரித்தார். வாத்தியாரும் போட்டார். என் கூட்டாளி பிரம்பைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அதோடு படிப்பை விட்டான். சென்னையில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டான். நம் ஊரில் இருந்து அப்படிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும். இன்றைக்குச் சொந்தமாகக் கடை வைத்து நன்றாக இருக்கிறான், ஆனால் அப்பாவோடு ஒட்டவே இல்லை.

பள்ளியும் வீடும் கைகோத்தது என்றால் அங்கேயும்தான் கைகோத்தது. பிள்ளைக்கு எதிராகக் கோத்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அதைக் குறையாகச் சொல்லாதீர்கள் சார்.

பாளை, ஓய்வு பெற்ற வாத்தியார்

அடிக்கச் சொல்லவில்லை தம்பி. வாத்தியார் சொல்லுக்கு வீட்டில் ஒரு மதிப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் கூட்டாளிக்கு நடந்தது அநியாயம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மானூர்ப் பக்கத்து டீச்சர்

நீங்கள் இரண்டு பேரும் பிரம்பைப் பேசுகிறீர்கள். எனக்கு இப்போது பெரிய பாடாக இருப்பது கயிறு.

நம் ஜில்லாவில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தக் கலர் கயிறு எந்தச் சாதிக்கு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் எட்டாம் வகுப்பில் ஒருவன், படிப்பில் சுட்டி, பேச்சுப் போட்டிக்கெல்லாம் போகிறவன், ஒரு திங்கட்கிழமை கையில் கட்டிக்கொண்டு வந்தான். அன்றையில் இருந்து மத்தியானச் சாப்பாட்டில் வட்டம் மாறிவிட்டது. அதுவரை கூட இருந்த இரண்டு பேர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

அப்பாவை வரச் சொன்னேன். வந்தார். அவர் கையிலும் அதே கலர். "கோயில் கயிறு டீச்சர், இதுல என்ன இருக்கு" என்றார், தன்மையாகத்தான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான். "கழட்டிட்டா அண்ணம்மாரு எங்கூட பஸ்ல பேச மாட்டாங்க டீச்சர்."

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். கோயிலுக்காகக் கட்டியிருக்கிறான் என்றுதான் அவர் உண்மையிலேயே நினைத்திருக்கிறார். பஸ்ஸில் பெரிய வகுப்புப் பையன்கள் சொல்லித்தான் கட்டினான் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது. "யாருலே அது?" என்று கேட்டார். அவன் பேர் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு எதுவும் முடிவாகாமலேதான் போனார்கள். இரண்டு நாள் கழித்துப் பையன் வெறுங்கையோடு வந்தான். அப்பா கையில் இன்னும் இருக்கிறது, கேட்டில் விட வரும்போது பார்க்கிறேன். பையன் கொஞ்ச காலம் தனியாகத்தான் சாப்பிட்டான். அதைப் பார்க்க மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பிறகுதான் சீட்டுக் குலுக்கிப் போட்டு மொத்த வகுப்பையும் இடம் மாற்றி உட்கார வைத்தேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வெட்டியதை நாம் யாரும் மறக்க முடியாது. அரிவாளோடு வீடு புகுந்தவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் வேண்டாம், பெற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்கவும் சொல்கிறது. இதையெல்லாம் கேட்டுக்கு உள்ளே நான் செய்துவிடுவேன். பஸ்ஸிலும் தெருவிலும் கோயில் கொடை விழாவிலும் அவனோடு நிற்க வேண்டியது அப்பாவும் அம்மாவும் ஆச்சியும்தான்.

அம்பையில் பிறந்து தாம்பரத்தில் வாழ்கிறவன்

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னது. ஒரு நாள் சாப்பிடும்போது மகனின் கணக்கு மிஸ்ஸைப் பற்றி நானும் மனைவியும் ஏதோ இளப்பமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மகன் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டு, "நாளைக்கு அவங்க சொல்றத நான் கேக்கணுமா வேண்டாமாப்பா?" என்றான். அவ்வளவுதான்.

அதனால் சில விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது. டீச்சர் மேல் குறை இருந்தால் டீச்சரிடமே போய்ச் சொல்லுங்கள், சாப்பாட்டுத் தட்டு முன்னால் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் அறவே வேண்டாம். ஒரு பிள்ளையின் தப்பை நாற்பது பெற்றோர் படிக்கிற இடத்தில் போடுவது எந்த வகையிலும் சரியில்லை. கூட்டத்துக்கு அம்மாவையே அனுப்பாமல் அப்பாக்களும் போங்கள். முடிந்தால் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் பேசினால் அவனும் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். அவன் சொல்வது ஒன்றும் டீச்சர் சொல்வது ஒன்றுமாக இருந்தால் உடனே ஒரு பக்கம் சாயாதீர்கள், இரண்டையும் கேளுங்கள். லீவு போட்டால் உண்மைக் காரணத்தை எழுதிக் கொடுங்கள். கொடைக்கு ஊருக்குப் போய்விட்டு "காய்ச்சல்" என்று எழுதினால், அந்த லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் உங்கள் பிள்ளைதான். பொய்க்கு முதல் பாடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022-ல் நம் மாநிலத்தில் இந்தக் குழுக்களை எல்லா அரசுப் பள்ளிகளிலும் புதிதாக அமைத்தார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, காலை உணவு நேரத்துக்கு வருகிறதா, ஒரு பிள்ளை தொடர்ந்து வராமல் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது யார் என்று கேளுங்கள். வாத்தியார் ஐயா சொன்ன அந்தப் பெஞ்சு கொடுத்த காலத்துக்கு இன்றைக்கு நம் கையில் இருக்கிற வழி இதுதான் என்று நினைக்கிறேன். பிரம்பு வேண்டாம் ஐயா, வருகை போதும்.

திசையன்விளைக்காரன்

அண்ணாச்சி, அனுபவம் நாலு வரி, அறிவுரை நாற்பது வரி! ஆனால் காய்ச்சல் லெட்டர் விஷயம் சத்தியமான வார்த்தை.

ஆத்தங்கரை அம்மா

நாங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேறு, அரைப்பரீட்சையும் தள்ளிப் போனது. வடிந்ததும் பெற்றவர்கள் கொஞ்சம் பேர் கழுவப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே மூணாம் வகுப்பு டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் நனைந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்தாள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். திடீரென்று என்னிடம் ஓடி வந்து, "அம்மா, டீச்சர் வீட்டுலயும் தண்ணி ஏறிருச்சாம். அவங்க முதல்ல இங்க வந்துருக்காங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் இவளும் இன்னும் நாலு பிள்ளைகளும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கேட்காமலேயே.

திசையன்விளைக்காரன்

மானூர் டீச்சருக்கு ஒரு கேள்வி. சீட்டுக் குலுக்கி உட்கார வைத்தபோது பெற்றவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லையா?

மானூர்ப் பக்கத்து டீச்சர்

வந்தார்கள். ஒரு அம்மா, "எம்மவள அந்தப் பிள்ள பக்கத்துல உக்கார வைக்காதீங்க" என்று நேராகவே கேட்டார். காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய டீச்சரிடம் அனுமதி வாங்கி, "ஒரு பீரியடு வகுப்புல உக்காந்து பாருங்கக்கா" என்று கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அறிவியல் பாடம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வரைபடத்தை ஆளுக்குப் பாதியாக வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார், சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் இடம் மாற்றவில்லை. மறுபடி அவர் வந்து கேட்கவும் இல்லை. இன்னொரு அப்பா மேலிடத்துக்கு மனு கொடுப்பேன் என்றார். அவரை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் பேசச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம். அன்றைக்குக் காலையில் அடுத்த சீட்டும் குலுக்கப் போகிறேன்.