முடித்த பிறகும் உறுத்திய ஒரு இடம்: டிராகன், யாளி, மந்திரக்காரி வரைபவர்களுக்கு

சிறகன்

நாலு கால் டிராகன் வரைஞ்சவங்களுக்கு இந்த இடம் தெரியும். செதில் முடிஞ்சாச்சு, புகை முடிஞ்சாச்சு, கண்ணுல ஒளிப்புள்ளியும் வெச்சாச்சு. கேன்வாஸை இடவலமா திருப்பின நொடியில இறக்கை ஸ்டிக்கர் மாதிரி நிக்குது. உடம்புல இருந்து முளைக்கல, உடம்பு மேல ஒட்டியிருக்கு.

கோளாறு தோள்பட்டையில. நாலு காலும் ரெண்டு இறக்கையும்னா மொத்தம் ஆறு உறுப்பு. முன்னங்காலுக்கு ஒரு ஜோடி தோள்பட்டை எலும்பு இருக்கிறப்போ இறக்கைக்கு இன்னொரு ஜோடி வேணும். அது முதல் ஜோடிக்குப் பின்னால, கொஞ்சம் மேல, விலாக்கூட்டின் மேல படுத்திருக்கணும். இன்னொண்ணு, இறக்கையைக் கீழே அடிக்கிற தசை முதுகுல கிடையாது, நெஞ்சுல இருக்கு. பறவையோட மார்பெலும்புல படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு விளிம்பு துருத்திக்கிட்டு இருக்குமே, அந்தத் தசை பிடிச்சிருக்கிறது அதுலதான். நெஞ்சை ஆழமாக்காம இறக்கையை மட்டும் பெரிசாக்கினா எவ்வளவு நிழல் போட்டாலும் ஒட்டாது.

சரியான முறை: முடிஞ்ச படத்தோட ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமா தெரியணும்கிற அளவு) 20%க்குக் குறைச்சு, மேல ஒரு புது லேயர், அதாவது கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு. அதுல முட்டை வடிவத்துல நெஞ்சுக்கூடு, பக்கத்துக்கு ரெண்டு முக்கோணம் தோள்பட்டைக்கு. இறக்கையின் மேற்கை எலும்பு பின்னால இருக்கிற முக்கோணத்தோட கீழ்முனையில தொடங்கணும். நெஞ்சுல இருந்து மேற்கைக்கு ஏறுற மாதிரி ஒரு தடிச்ச தசைப்பட்டை. சவ்வு இடுப்புல போய் முடியணும். இந்த அஞ்சு கோடும் ஆரம்பத்துலேயே இருந்திருந்தா கடைசியில இறக்கையை வெட்டி ஒட்டுற வேலையே வந்திருக்காது.

உங்களை எந்த இடம் உறுத்துது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.


மைப்புள்ளி

அச்சு. வேறொன்றுமில்லை.

மந்திரக்காரியைச் சுற்றி நீலப்பச்சை ஒளிவட்டம். திரையில் இருட்டறையே வெளிச்சமாகும் அளவுக்கு மின்னியது. தாளில் வந்தது நனைந்த சாம்பல் நிறம். கோப்பு ஏ3 அளவு, 300 டிபிஐ, அதாவது 3508 × 4961 பிக்சல். ஆகவே தெளிவில் குறையில்லை, நிறத்தில்தான் குறை.

திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை தாளிலிருந்து திரும்பும் ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. அழுத்தமான நீலப்பச்சை, மின்நீலம், நியான் பச்சை, பளிச்சென்ற ஊதா ஆகியவை சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு அச்சு மைகளின் எல்லைக்கு வெளியே விழுபவை. மந்திர ஒளிக்கு நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் இந்த நான்குதான் என்பது பெரிய துரதிர்ஷ்டம். ஃபோட்டோஷாப்பில் அச்சு நிறத்தைத் திரையிலேயே காட்டும் ‘ப்ரூஃப் கலர்ஸ்’ காட்சியை வரையும்போதே அவ்வப்போது போட்டுப் பாருங்கள். கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளிலும் இதற்கு ‘சாஃப்ட் ப்ரூஃபிங்’ உண்டு. முடித்த பிறகு பார்த்தால் அழுகைதான் மிஞ்சும்.

நிறத்தால் மின்ன வைக்க முடியாத இடத்தில் வேறுபாட்டால் மின்ன வையுங்கள். ஒளிவட்டத்தின் நடுப்பகுதியை வெள்ளைக்கு அருகில் கொண்டுபோய், ஓரத்தில் மட்டும் நிறத்தை வையுங்கள். சுற்றியுள்ள உடை, பாறை, புகையின் செறிவைப் பாதியாகக் குறையுங்கள். கறுப்பு நிழல்களையும் கொஞ்சம் தூக்க வேண்டும். பின்னொளி உள்ள திரையில் தெரியும் இருட்டு விவரம் தாளில் ஒரே கட்டியாக உறைந்துவிடும்.


வௌவால்காது

சிறகன் அண்ணா, தோள்பட்டை பத்திச் சொன்னது முழுக்க சரி. ஆனா “சவ்வு இடுப்புல முடியணும்”னு சொன்னதை ஏத்துக்க முடியல. வௌவாலைப் பாருங்க. சுண்டுவிரல்ல இருந்து வர்ற சவ்வு உடம்போட பக்கவாட்டுல ஓடி, பின்னங்கால்ல கணுக்கால்கிட்ட வரைக்கும் போய்ப் பிடிச்சிருக்கும். இடுப்புல நிறுத்தலாம், தப்பில்ல, கற்பனை உயிர்தானே. அதை விதியா சொல்லாதீங்க.

அதைவிட அதிகம் பேர் விடுறது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல முன்பக்கம் இருக்கிற சின்னச் சவ்வை. அது இல்லைன்னா இறக்கையோட முன்விளிம்பு வளைஞ்ச குச்சி மாதிரி இருக்கும். விரல்கள் விரியறதும் மணிக்கட்டுல இருந்து மட்டும்தான். முழங்கையில இருந்து விரிஞ்சா அது இறக்கை இல்ல, விசிறி. வௌவாலுக்கு நாலு நீள விரல் சவ்வுக்குள்ள, கட்டைவிரல் மட்டும் நகத்தோட வெளிய. டெரோசாருக்கு (டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன) ஒரே ஒரு விரல், நாலாவது விரல், மொத்த இறக்கையையும் தாங்கும். ரெண்டுல எதுன்னு முதல்ல முடிவு பண்ணணும். பாதி இது பாதி அது வரைஞ்சா பார்க்கிறவங்களுக்குக் காரணம் தெரியாது, ஆனா நெருடும்.

என்னை உறுத்துறது மடக்கின இறக்கை. உட்கார்ந்திருக்கிற டிராகன், முதுகுல அழகா, சின்னதா மடிஞ்ச இறக்கை. அதே டிராகன் பறக்கிற படத்தைப் பக்கத்துல வெச்சதும் தெரிஞ்சிடுச்சு, அந்த அளவுக்கு மடியவே மடியாது. எலும்பு சுருங்காதே! விரிச்ச இறக்கையில மேற்கை, முன்கை, நீளமான விரல் மூணுக்கும் நேர்கோடு போட்டு, அந்தக் கோடுகளை அப்படியே காப்பி எடுத்து மடக்கின படத்துல மூட்டு மூட்டா அடுக்கணும். அடுக்கினா விரல்நுனி வாலைத் தாண்டும், மணிக்கட்டு தலைக்கு மேல நிக்கும். அப்படித்தான் இருக்கணும்.


புதுத்தூரிகை

கிரிட்டாவில் கீழே நிறம் இருக்கும் இடத்தோடு மட்டும் நிறுத்தும் ‘இன்ஹெரிட் ஆல்பா’ வசதியைப் போட்டும் நிழல் கதாபாத்திரத்துக்கு வெளியே வழிகிறது. இதிலேயே ஒரு மாலை போச்சு. அடியில் வெள்ளைப் பின்னணி லேயர் இருப்பதுதான் காரணம். அந்த வசதி கீழே உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை. அதே குழுவில் கீழே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. பின்னணி கேன்வாஸை முழுதாக நிரப்பியிருப்பதால் எல்லை என்று ஒன்றே இல்லாமல் போகிறது. அடிநிறம், நிழல், ஒளி மூன்றையும் ஒரு குழுவுக்குள் போட்டுப் பின்னணியை வெளியே வைத்தால் சரியாகிவிடும். புரோகிரியேட் செயலியில் கீழுள்ள ஒரே லேயரோடு நிறுத்தும் ‘கிளிப்பிங் மாஸ்க்’ பழகி வருகிறவர்கள் எல்லாரும் இங்கே தடுக்கி விழுவார்கள்.


நிழற்கோடு

சாம்பல் நிற மல்டிப்ளை, அதாவது கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் லேயர் முறை. இறக்கைச் சவ்வு சேறு பிடித்தது போல் ஆனது அதனால்தான்.

மல்டிப்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறத் தடத்திலும் மேல், கீழ் லேயர்களின் எண்களைப் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. சவ்வின் அடிநிறம் 200, 60, 40 என்று வையுங்கள். அதன் மேல் 128, 128, 128 சாம்பலைப் போட்டால் 100, 30, 20 வரும். அது அதே சாயல் இருண்டது, அவ்வளவுதான். 150, 120, 190 என்ற ஊதாவைப் போட்டால் 118, 28, 30. மரப்பட்டைப் பழுப்புக்கும் திராட்சைச் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு அது. நிழலில் காற்று இருப்பது தெரியும்.

ஆனால் சவ்வுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் மல்டிப்ளையே வேண்டாம். ஒளி தோலை ஊடுருவி வரும். சவ்வு மெல்லிய இடத்தில் ஆரஞ்சுச் சிவப்பாக எரிய வேண்டும். விரல் எலும்பும் நரம்பும் அதற்கு எதிரே இருட்டாகத் தெரிய வேண்டும். விளக்குக்கு முன் விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், ஓரங்களில் வருகிற அந்தச் சிவப்புதான்.

இன்னொன்று, புதுத்தூரிகை குழு பற்றிச் சொன்னதால். மல்டிப்ளை நிழலைக் கீழ் லேயரோடு இணைக்கும் முன், அந்தக் கீழ் லேயரில் நிழல் விழும் இடமெல்லாம் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமையாக இருக்கும் இடத்தில் பெருக்க எதுவுமில்லை. ஊதா அப்படியே சாதாரண நிறமாக உட்கார்ந்துவிடும். தரையில் விழுந்த அழகான நிழல், இணைத்த நொடியில் ஊதாத் தார்ப்பாயாக மாறுவது இப்படித்தான்.


கல்யாளி

யாளியின் முகம். சிங்கமுகத்தில் தும்பிக்கை, பக்கத்தில் தந்தம், வாயில் கோரைப்பல். வரைந்து முடித்துப் பார்த்தால் தும்பிக்கை மூக்கில் மாட்டிய குழாய்போல் தொங்கியது.

தும்பிக்கை என்பது நீண்ட மூக்கு மட்டுமன்று, மூக்கும் மேலுதடும் சேர்ந்தது. ஆக, தும்பிக்கை வைத்தபின் சிங்கத்தின் பிளந்த மேலுதட்டுக்கு அங்கே இடமில்லை. யானையின் மண்டையோட்டில் மூக்குத் துளை கண்களுக்கு நடுவே உயரத்தில் இருக்கும். தும்பிக்கையின் கனம் அங்கிருந்தே இறங்க வேண்டும். அடுத்து தந்தம். அது கோரைப்பல் அன்று, மேல்தாடையின் வெட்டுப்பல். தும்பிக்கையின் அடிப்பகுதியின் இருபுறமும் தாடைக்குள்ளிருந்து வரும். சிங்கத்தின் கோரைப்பல்லையும் வைக்க வேண்டுமென்றால் தந்தத்துக்குப் பின்னால் வையுங்கள், சிறு வெட்டுப்பற்களை எடுத்துவிடுங்கள். வாய் மூடும்போது கீழ்க்கோரை மேல்கோரைக்கு முன்னால் பொருந்தும். டிராகன் வரைபவர்களும் இதைத் தலைகீழாகவே வரைகிறார்கள்.

கண்மணி பற்றியும் ஒன்று. பூனைக்குச் செங்குத்துக் கோடு. சிங்கத்துக்கும் புலிக்கும் வட்டம். சிங்கமுகம் என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டால் அது வீட்டுப் பூனையின் கண்.


பொறிச்செதில்

செதில் பிரஷை விலா முழுக்க இழுத்தாச்சு. உருண்டையான வயிறு சுவர்க்காகிதம் மாதிரி தட்டையாயிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஆனா செதில்ல எல்லாரும் அதே தப்பைச் செய்யறதைப் பார்க்கிறதால முழுசா எழுதிடறேன்.

செதில் இல்லாமலே உடம்பு உருண்டையா தெரியணும். ஒளி, நடுநிறம், நிழல்னு மூணே நிலையில முதல்ல முடிங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர் போட்டு, அதுல கறுப்பை நிரப்பி ‘கலர்’ மோடுக்கு மாத்தினா படம் கறுப்பு வெள்ளையா தெரியும். அதுல உருவம் நிக்கலைன்னா செதில் காப்பாத்தாது.

அப்புறம் வழிகாட்டிக் கோடுகள். உடம்பைச் சுத்தி வளையல் மாட்டின மாதிரி வளையங்கள், தலையில இருந்து வாலுக்கு நீளக் கோடுகள். ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல ஒரு செதில். உருவத்தோட ஓரத்துக்குப் போகப் போக செதில் ஒடுங்கும், ஓரத்துல வெறும் மேடுபள்ளமா மட்டும் தெரியும். முதுகுலயும் தோள்லயும் பெரிசு. மூட்டு, கண் ஓரம், உதடு இங்கெல்லாம் பொடிசு, இல்லைன்னா அந்த இடம் மடங்கவே முடியாது. அடிவயித்துல பாம்புக்கு இருக்கிற மாதிரி ஒரே வரிசையா அகலத் தகடு. செதிலோட திறந்த விளிம்பு எப்பவும் வால் பக்கம், கால்ல பாதத்தின் பக்கம். ஒரே ஒரு வரிசை திசை மாறினாலும் முள்ளம்பன்றி ஆயிடும்.

எங்கே வரையணும்கிறதுதான் முக்கியம். ஒளியும் நிழலும் சந்திக்கிற நடுநிறப் பட்டையில மட்டும் முழுசா. பளிச்சுன்னு ஒளி விழுற இடத்துலயும் ஆழ்ந்த நிழல்லயும் அங்கங்கே குறிப்பு போதும். 25% ஜூம்ல பாருங்க. அந்த அளவுல கண் மூணு இடத்துல நின்னா சரி, முப்பது இடத்துல நின்னா அழிக்கணும்.

பிரஷ் அமைப்பு கேட்பீங்க: இடைவெளி 100%க்கு மேல, சுழற்சி பேனா போற திசையைப் பின்தொடரணும், அளவு மாற்றம் 10 முதல் 15%. இதையும் சேர்த்துச் சொல்றேன், மணிக்கட்டை மட்டும் அசைச்சுப் போடுற நீளக் கோடு நடுங்கும். கேன்வாஸைச் சின்னதாக்கி முழங்கையில இருந்து இழுங்க. பேனா நிப் ஒரு பக்கம் சரிவாத் தேஞ்சு கூரான விளிம்பு வந்துட்டா உடனே மாத்துங்க, திரையைக் கீறிடும்.


மைப்புள்ளி

பொறிச்செதில், பிரஷ் மேல் அவ்வளவு பழி வேண்டாம். தட்டையாக ஒரு செதில் துண்டை வரைந்து, வலைக்கட்டங்களை இழுத்து வளைக்கும் ‘மெஷ்’ வளைப்பால் வயிற்றின் உருண்டைக்கு ஏற்ப வளைத்தால் போதும். தட்டையாவது பிரஷால் அன்று, வளைக்காததால். ஆனால் ஒரே முறை வளையுங்கள். வளைத்து, உறுதி செய்து, மறுபடி வளைத்தால் ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டு விளிம்பு மழுங்கும். ஐந்தாம் முறை செதில் பஞ்சாகிவிடும். மூலத்தை மறைத்து வைத்துக்கொண்டு நகலிலிருந்து தொடங்குங்கள். பிக்சல்களைத் தள்ளி உருவை மாற்றும் ‘லிக்விஃபை’க்கும் இதுவே.


சிறகன்

வௌவால்காது, கணுக்கால் வரைக்கும் சவ்வைக் கொண்டுபோய்ப் பார்த்தாச்சு. நிக்கிற படத்துல அருமையா இருக்கு. நடக்கிற படத்துல பின்னங்கால் முன்னால வரும்போது சவ்வு தளர்ந்து தரையில இழுபடுது. இடுப்புல நிறுத்தினதுக்குக் காரணமே அதுதான். அடுத்த சிக்கல், சேணம். ரெண்டாவது தோள்பட்டை இருக்கிற இடத்துலதான் எல்லாரும் வீரனை உட்கார வைக்கிறோம். இறக்கை மேல எழும்பினதும் எலும்பு அவன் தொடையில இடிக்குது.


வௌவால்காது

நடக்கிற டிராகன்னா முழங்கால்ல நிறுத்துங்க அண்ணா, கணுக்கால் வேண்டாம். தளர்வையும் வரைங்க. விரல்கள் மடிஞ்சிருக்கும்போது சவ்வு இறுக்கமா இருக்காது, குடைத்துணி மாதிரி மடிப்பு மடிப்பா தொங்கும். வீரனை முன்னால தள்ளுங்க, கழுத்து முதுகோட சேர்ற இடத்துல, முதல் தோள்பட்டைக்கு முன்னால. அவன் முழங்கால் கழுத்தின் ரெண்டு பக்கமும் இறங்கும், இறக்கை முழுசா அவனுக்குப் பின்னால அடிக்கும். சேணப்பட்டை நெஞ்சைச் சுத்திப் போகணும்னா முன்னங்காலுக்கும் இறக்கைக்கும் நடுவுல ஒரே ஒரு வழிதான் இருக்கு. அந்த இடைவெளியைத் தோள்பட்டை முக்கோணம் போடும்போதே விட்டுடுங்க.